பேப்பரில் வராத ஏலம்

டிசம்பர் 11, புதன்

நம் பேரூராட்சி இனிமேல் ஏல அறிவிப்பு எதையும் பத்திரிகையில் போடாது. தன் இணையதளத்தில் மட்டும்தான் போடும். இன்று மன்றக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

ஆதரவுக் கடிதம் வணிகர் சங்கத்தின் சார்பில் நான் எழுதிக் கொடுத்தது. அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. போன வருஷம் சைக்கிள் ஸ்டாண்டு ஏலத்துக்கு விளம்பரம் கொடுத்த காசில் ஸ்டாண்டுக்கே புதுக் கூரை போட்டிருக்கலாம். அந்த விளம்பரமும் உள்பக்கத்தில், கண்ணீர் அஞ்சலிக்கும் வீட்டுமனை விற்பனைக்கும் நடுவில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் வரும்.

செயல் அலுவலர் புது ஆள், சின்ன வயது. "இப்ப யார் சார் பேப்பர் படிக்கிறா? எல்லார் கையிலயும் போன் இருக்கு. உலகமே பார்க்கும்" என்றார். தலையாட்டினேன். வியாபாரிக்குச் செலவைக் குறைக்கிற பேச்சு எப்போதும் நியாயமாகவே படும்.

வரும் வழியில் என் புளி மண்டிக்குக் கோணிச் சாக்கு வேண்டுமென்று சொல்லிவிட்டு வந்தேன். மனைவி புஷ்பகனி கேட்ட பெருங்காயம் மறந்துபோனது. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

தராசைத் துடைத்துச் சாம்பிராணி காட்டினேன். மற்ற மண்டிகளில் சாமி படத்துக்குத்தான் முதலில் காட்டுவார்கள். நான் தராசுக்குக் காட்டிவிட்டுத்தான் சாமி பக்கம் திரும்புவேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்த ஊருக்குச் சாக்குத் தைக்க வந்தவன் நான். என் முதல் முதலாளி தராசுத் தட்டுக்கு அடியில் ஒரு உருண்டைப் புளியை ஒட்டி வைத்து எடை போடுவார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குத் தொழில் வந்தது. எதைச் செய்யக் கூடாது என்கிற தொழில். இன்றைக்கு ஜெயக்கொடி என்று என் பெயர் போட்ட மண்டிச் சீட்டு இருந்தால் மதுரையில் மறு எடை போடுவதில்லை. வீடு, குடோன், லாரி எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

எழுதிப் பார்க்கும்போது கொஞ்சம் பெருமை கூடிவிட்டது. இருக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள்.

டிசம்பர் 30, திங்கள்

அடைக்கம்மா வர ஆரம்பித்துவிட்டாள். மார்கழி பாதி ஆனால் அவள் வருவாள்.

கண்மாய்க்கரைப் புளியமரங்களின் மேல்பலனை, அதாவது ஒரு வருஷத்துக் காயைப் பறித்துக்கொள்ளும் உரிமையை, பேரூராட்சி தை மாதம் ஏலம் விடும். வருஷா வருஷம் எடுப்பவள் அவள்தான். அவள் கூட்டத்து ஆண்கள் ஏறி உலுக்குவார்கள், பெண்கள் பொறுக்கி ஓடு தட்டிக் கொட்டை எடுப்பார்கள். புளி என் மண்டிக்கு வரும். ஏலத்தில் சேர முன்கூட்டிக் கட்டுகிற டேவணித் தொகைக்கு நான் முன்பணம் கொடுப்பேன். ஏலத்தன்று மற்றவர்கள் பேருக்கு இரண்டு தடவை ஏற்றிக் கேட்டுவிட்டு அவளுக்கு விட்டுவிடுவார்கள். எங்கும் எழுதி வைக்காத ஏற்பாடு.

அவளுக்குக் கையெழுத்துப் போட வரும். பொடி எழுத்துப் படிக்க வராது. பேப்பர் என் மண்டிக்கு வரும். அதனால் தினம் காலையில் வாசலில் வந்து நின்று கேட்பாள். அறிவிப்பு வந்த அன்று நான் எழுந்து நின்று தேதியையும் தொகையையும் சத்தமாக வாசிப்பேன். அன்றைக்கு எல்லாருக்கும் என் செலவில் டீ.

"அண்ணாச்சி, பேப்பர்ல வந்துருச்சா?"

"இன்னும் இல்லத்தா."

"கண்ணாடியப் போட்டுப் பாத்தீகளா, சும்மா மடிச்சு வச்சிட்டு இல்லங்கிறீகளா?"

"போட்டுத்தான் பார்த்தேன். போ, போயி டீயக் குடி."

தீர்மானத்தைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் லாரி வந்துவிட்டது.

ஜனவரி 3, வெள்ளி

தராசு துடைத்தேன். பிறகு போனில் பேரூராட்சி இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். இருக்கிறது. 'கண்மாய்க்கரைப் புளியமரங்கள் மேல்பலன் குத்தகை.' மூடிய உறையில் ஒப்பந்தப்புள்ளி கொடுக்க வேண்டும். கடைசி நாள் இருபதாம் தேதி. குடிநீர்க் குழாய் டெண்டருக்கும் தெரு விளக்கு டெண்டருக்கும் கீழே, விரலால் தள்ளித் தள்ளிப் போனால்தான் வருகிறது.

அலுவலகப் பலகையிலும் ஒட்டியிருக்கிறார்களா என்று போய்ப் பார்த்தேன். ஒட்டியிருக்கிறார்கள். பலகை இப்போது வரி கட்டும் அறைக்கு உள்ளே, கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடும் இடத்தில் இருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. வெள்ளையடித்தபோது மாற்றியது.

நாளைக்கு அடைக்கம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 4, சனி

"அண்ணாச்சி, பேப்பர்ல வந்துருச்சா?"

"பேப்பர்ல வரலைத்தா."

இது உண்மை. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டுத்தான் சொன்னேன்.

போன வருஷம் நடந்ததையும் எழுதிவிட வேண்டும். என் முன்பணத்தில் மரம் எடுத்துவிட்டு, கொட்டை எடுத்துத் தட்டிய நல்ல தோசைப்புளியாகப் பார்த்து நாலு சிப்பம் கட்டி எதிர்ச்சாரி காசிலிங்கம் மண்டிக்குப் போட்டாள். கிலோவுக்கு நாலு ரூபாய் கூடக் கொடுத்தானாம். கேட்டதற்கு, "புள்ள காலேஜுக்குக் கட்டணும்னு சொன்னேன், நீங்க விலையக் கூட்டல, அவுக கூட்டுனாக" என்று முகத்தைப் பார்த்தே சொன்னாள். வியாபாரத்தில் அது தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் அந்த நாலு சிப்பம் ஒரு வருஷமாக என் நெஞ்சில் கிடக்கிறது.

நேரடியாக நானே குத்தகை எடுத்தால் கிலோவுக்கு என்ன லாபம் நிற்கும் என்று சும்மா போட்டுப் பார்த்தேன். நன்றாக நிற்கிறது.

ஜனவரி 6, திங்கள்

வந்தாள். கேட்டாள். பேப்பரில் வரவில்லை என்றேன்.

ஜனவரி 7, செவ்வாய்

வந்தாள். வரவில்லை என்றேன். வத்தல் விலை இறங்குகிறது.

ஜனவரி 9, வியாழன்

சந்தை நாள். கூட்டத்துக்கு நடுவில் அடைக்கம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். தனியே கூப்பிடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"செங்கச்சூளைக்காரன் வந்து உக்காந்திருக்கான் அண்ணாச்சி. பொங்கல் கழிச்சு லாரி அனுப்புறானாம். குடும்பத்துக்கு இவ்வளவுன்னு முன்பணம் கையில வச்சிருக்கான். ஏறிட்டம்னா சித்திர முடிஞ்சுதான் திரும்ப விடுவான். மரம் கெடைக்கும்னா நாங்க போகல. கெடைக்காதுன்னா இப்பவே ஏறிக்கிறோம். லாரி போயிட்டா அதுவும் இல்ல. எங்காளுக எல்லாம் என் வாயத்தான் பாக்குதுக. நான் உங்க வாயப் பாக்குறேன். ஒரு வார்த்த சொல்லுங்க."

"போகாதீங்க. இருங்க. மரம் எங்க போயிடப்போகுது?"

அவள் முகம் தெளிந்தது. "அது போதும்" என்று கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

யோசித்தால் இதுவும் பொய்யில்லை. மரம் எங்கும் போகவில்லை. அவர்கள் ஊரில் இருந்தால் கூலிக்காவது வேலை இருக்கும். எனக்கும் உலுக்க ஆள் வேண்டும்.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டே இருந்தேன். கிடக்கட்டும்.

ஜனவரி 13, திங்கள். போகி

புஷ்பகனி பழைய பேப்பரை எல்லாம் கட்டிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டாள். கட்டும்போதே பேச்சு.

"பேரூராட்சி விளம்பரம் இனிமே பேப்பர்ல வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா."

"அடைக்கம்மா தினம் வந்து நிக்கிறாளே, அவளுக்கு அது தெரியுமா?"

"கேட்டா சொல்லுவேன்."

"அதத்தானய்யா தினமும் கேக்குறா."

கணக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து போனேன். போகி அன்று மண்டியில் என்ன கணக்கு வேலை இருக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

ஜனவரி 17, வெள்ளி

உறையைக் கொடுத்துவிட்டேன். ஒற்றை ஆள் மட்டும் கொடுத்தால் தள்ளுபடி செய்து மறு ஏலம் வைத்துவிடுவார்கள். அதனால் நம் கணக்குப்பிள்ளை சுருளிவேல் பெயரிலும் ஒன்று, எனக்குக் குறைவான தொகைக்கு. எல்லாரும் செய்வதுதான்.

இன்று தராசு துடைக்கவில்லை. பொங்கல் அலுப்பு.

ஜனவரி 20, திங்கள்

எனக்கே விழுந்தது.

பழைய ஏலம் என்றால் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் ஊரே கூடும். கத்தல், ஏச்சு, ஒருவன் வேட்டியை இன்னொருவன் பிடிப்பது, கடைசியில் எல்லாருமாக டீக்கடைக்குப் போவது. இன்று ஒரு மேசை, இரண்டு உறை, கத்தரிக்கோல். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்தீங்களா சார், எவ்வளவு அமைதியா முடிஞ்சிருச்சு" என்றார் செயல் அலுவலர். கை கொடுத்தார். நல்ல பையன். அவர் மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

காலையில் அடைக்கம்மா வந்தபோது நான் குடோனுக்குள் இருந்தேன். பதில் சொல்லி அனுப்பச் சுருளியிடம் சொன்னேன். அவனும் 'பேப்பர்ல வரல' என்றுதான் சொன்னானாம்.

ஜனவரி 23, வியாழன்

சூளை லாரி போய்விட்டது. அவள் கூட்டத்தில் ஒருவரும் ஏறவில்லை. அடைக்கம்மா பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு.

ஜனவரி 27, திங்கள்

குத்தகை எடுத்தவன் மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்துத் தன் அடையாளம் போட வேண்டும். நேற்று ஞாயிறு, ஆள் நடமாட்டம் இருக்காது என்று சுருளியை அனுப்பியிருந்தேன். பட்டை அடித்து, 'ஜெ.கொ.' என்று போட்டுவிட்டு வந்தான். பழம் உடைகிற பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க அடைக்கம்மா விடிந்ததும் கரைக்குப் போவாள் என்பது எனக்குத் தெரியாதது இல்லை.

வழக்கமான நேரத்துக்கு வந்தாள். வாசலில் லாரி டிரைவர், இரண்டு சில்லறைக் கடைக்காரர்கள், காசிலிங்கம் மண்டி ஆள் ஒருவன். அவள் வலது உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. பனியில் நனைந்த சுண்ணாம்பில் கை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, பேப்பர்ல வந்துருச்சா?"

தினமும் கேட்கிற அதே குரல். பேப்பர் என் மடியில் விரிந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று இப்போதுவரை தெரியவில்லை.

"வரலைத்தா."

"இனிமே வராதாம்ல. போன்லதான் வருமாம். எதுத்த கடையில சொன்னாக. நீங்கதான் அதுக்கு எழுதிக் குடுத்தீகளாம்."

லாரி டிரைவர் பீடியை அணைத்தான்.

"அடைக்கம்மா, நான் பொய் சொல்லல. பேப்பர்ல வந்துச்சான்னு நீ கேட்ட, வரலைன்னு சொன்னேன்."

"பேப்பர வச்சு நான் என்ன அண்ணாச்சி செய்யப்போறேன்? நான் கேட்டது மரத்த."

அவ்வளவுதான். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. போகும்போது உள்ளங்கையைத் தராசின் மேல்தட்டில் நிதானமாக, முன்னும் பின்னும் துடைத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 28, செவ்வாய்

மண்டிக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

அவள் இப்போது வருவதில்லை. ஊர் வருகிறது.

டீக்கடை மாரிச்சாமி கிளாஸை வைத்துவிட்டு, "டீ வந்துருச்சு அண்ணாச்சி. பேப்பர்ல வந்துருச்சான்னு பாத்துட்டுக் குடிங்க" என்கிறான். பாங்கில் வரிசையில் நிற்கிறேன், பின்னால் யாரோ, "நம்ம டோக்கன் நம்பர் பேப்பர்ல வந்துருச்சாப்பா?" என்கிறான், சிரிப்பு. சங்கத்துத் தலைவர் பேத்தி காதுகுத்துக்குப் போனால், பந்தியில் பாயசம் ஊற்றுகிறவன் என் இலையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, நீங்க இருக்கிறது பேப்பர்ல வரல" என்கிறான்.

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் அசிங்கம்.

புஷ்பகனி மூன்று நாளாகக் கோயிலுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பிப்ரவரி 6, வியாழன்

அடைக்கம்மா கூட்டத்துக்குச் சுருளியை அனுப்பி, உலுக்க நாள் கூலி இவ்வளவு என்று வழக்கத்தைவிட நூறு ரூபாய் கூடச் சொல்லச் சொன்னேன். மொக்கராசு என்று ஒருவன், அவர்களில் நன்றாக ஏறுகிறவன், வாயும் நீளம். "ஓங்க மொதலாளி கூலி கூட்டுனது பேப்பர்ல வரட்டும், பாத்துட்டு வாரோம்" என்றானாம்.

சுருளி இதைச் சொல்லும்போது உதட்டைக் கடித்துக்கொண்டான். இவனுக்கும் சிரிப்பு.

பிப்ரவரி 12, புதன்

தருமபுரிப் பக்கமிருந்து ஆள் வரவழைத்தேன். நேற்று வந்தவர்கள் இன்று மூட்டையைக் கட்டிவிட்டார்கள்.

அடைக்கம்மா கூட்டத்துப் பெண்கள் காலையிலேயே போய்க் கரையில் உட்கார்ந்துகொண்டார்களாம். சண்டை இல்லை, வசவு இல்லை. தூக்குச் சட்டியைத் திறந்து கஞ்சி குடித்தார்கள், பேன் பார்த்தார்கள், மரத்தில் ஏறுகிறவனை அண்ணாந்து பார்த்தார்கள். அவ்வளவுதான். இரண்டு மரம் உலுக்கியதற்குள் மேஸ்திரி என்னிடம் வந்துவிட்டார்.

"போலீஸ்ல சொல்லலாமேன்னு கேப்பீங்க. என்னன்னு சொல்றது? பாக்குறாங்கன்னா? அந்தப் பார்வையில கிளையில கால் நிக்கலைங்க."

வண்டிச் செலவும் இரண்டு நாள் கூலியும் கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

செயல் அலுவலரைப் பார்த்தேன். சின்ன ஆட்கள் எடுக்கிற குத்தகைகளுக்காவது பழையபடி பத்திரிகையிலும் போடலாமே, தண்டோராவாவது போடலாமே என்று இழுத்தேன். அவர் கோப்பை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க லெட்டர்தான் சார் இதுல முதல் தாள். 'அனைவரும் அறியும் வண்ணம்'னு நீங்களே நல்லா எழுதியிருக்கீங்க. இத மேற்கோள் காட்டித்தான் நாங்க மேலே அனுப்பினோம்."

என் கையெழுத்து. கீழே சங்க முத்திரை. அழகாகத்தான் எழுதியிருக்கிறேன்.

மாற்ற வேண்டுமென்றால் இன்னொரு கடிதம் கொடுங்கள் என்றார். காரணம் என்னவென்று எழுத வேண்டுமாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

மதுரைப் பார்ட்டி போன் செய்தார். பெரிய கை, இருபது வருஷத்துப் பழக்கம்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. உங்க ஊர்ல ஏதோ பேச்சு அடிபடுதுன்னு பையன் சொன்னான். போன லோடை மறு எடை போட்டுப் பார்த்தோம். எடை சரியாத்தான் இருந்துச்சு."

சரியாக இருந்ததாம். நான் நன்றி சொன்னேன். போனை வைத்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று உறைத்தது.

தராசைத் துடைக்கப் போனேன். அவள் துடைத்த சுண்ணாம்பு இரும்பில் பிடித்து, மங்கலாக விரல் அகலத்துக்குக் கோடு தெரிகிறது. புளி போட்டுத் தேய்த்தேன், போய்விட்டது. போன பிறகும் அந்த இடத்தைப் பார்க்காமல் எடை போட முடியவில்லை. என் முதல் முதலாளி நினைவு வந்தது. அவர் உருண்டையைத் தட்டுக்கு அடியில் ஒட்டினார். நான் எங்கே ஒட்டினேன் என்று தெரிந்துதான் இருக்கிறது.

மார்ச் 1, சனி

மேகம் போட்டிருக்கிறது. ஒரு மழை அடித்தால் பழம் கருத்துப்போகும். பிறகு கருப்புளி விலைக்குத்தான் போகும். மாதக் கடைசியோடு குத்தகைக் கெடு. பழம் மரத்தில் ஓட்டோடு வெடித்து நிற்கிறது. குரங்கு தின்கிறது.

அடைக்கம்மா கூட்டத்தில் மூன்று குடும்பம் இன்று சூளைக்குப் போய்விட்டது. சீசன் பாதியில் போவதால் பாதி முன்பணம்தானாம். மிச்சமுள்ளவர்கள் அவளிடம், உன் பேச்சைக் கேட்டுத்தானே இருந்தோம் என்கிறார்களாம். அவள் காதுத் தோட்டை அடகு வைத்து ஆளுக்குக் கொஞ்சம் அரிசி வாங்கிப் போட்டிருக்கிறாள். சுருளி சொன்னான். இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

'அவள் பேச்சு' என்கிறார்கள். அது என் பேச்சு. அவள் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள், அவ்வளவுதான்.

மார்ச் 2, ஞாயிறு

புஷ்பகனியிடம், நாளைக்கு அடைக்கம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்றேன்.

"என்ன பேசப்போறீங்க?"

"பழம் வீணாப் போகுது."

"பழத்தப் பேசப்போறதா இருந்தா போகாதீங்க. வெல பேசுற மூஞ்சியோட போனீங்கன்னா அவ வாசல்லயே திருப்பி அனுப்புவா."

"எனக்கு வேற மூஞ்சி இல்லையே, என்ன செய்ய?"

அவள் உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். பிறகு, "அப்ப அதையாவது கழுவிட்டுப் போங்க" என்றாள்.

மார்ச் 3, திங்கள்

போய்விட்டு வந்தேன். முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

அவர்கள் தெருவுக்கு நான் இதுவரை போனதில்லை. அவள்தான் எப்போதும் என் வாசலுக்கு வந்திருக்கிறாள். பெண்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கேலி எதிர்பார்த்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மொக்கராசுகூட.

அடைக்கம்மா முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். "வாங்க அண்ணாச்சி" என்றாள். காது மூளியாக இருந்தது. ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். வீடு தேடி வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை.

"நான் செஞ்சது தப்புத்தா" என்றேன்.

"எது?"

அப்படிக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. தப்பு என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் போயிருந்தேன்.

"ஏலத்தச் சொல்லாதது."

"அது வியாபாரம். நாலு சிப்பத்த நான் காசிலிங்கத்துக்குப் போட்டேன், நீங்க மரத்தையே போட்டுக்கிட்டீக. அத நான் தாங்கிக்குவேன்." கோடாரியைக் கீழே வைத்தாள். "சூளை லாரி நின்னப்ப, போகாதன்னு சொன்னீகளே. அத எந்தக் கணக்குல வைக்க?"

பதில் இருந்தது. ஜனவரி ஒன்பதாம் தேதி இந்தப் பக்கங்களிலேயே எழுதியிருக்கிறேன். அதையே சொன்னேன். "உலுக்க எனக்கு ஆள் வேணும்னு அப்படிச் சொன்னேன்."

குழாயடியில் யாரோ குடத்தை நகர்த்துகிற சத்தம்.

"சரி" என்றாள். "இப்பத்தான் மொத மொத என் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கீக."

அப்புறம் விலை பேசினோம். நான் குத்தகையை அப்படியே அவள் பெயருக்கு விட்டுவிடுகிறேன் என்றேன். சட்டப்படி பெயர் மாற்ற முடியாது என்பதை அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். காசிலிங்கம் மண்டியில் போனில் பார்த்துச் சொன்னார்களாம். நான் ஒன்று சொன்னால் அவள் மேகத்தைப் பார்த்தாள். நான் ஏற்றினேன். மறுபடி மேகத்தைப் பார்த்தாள். இந்த வித்தையை என் மண்டி வாசலில் நின்றே கற்றுக்கொண்டிருக்கிறாள் போல. வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"எழுத்து வேணாம் அண்ணாச்சி. எழுதுனா அத வாசிக்க மறுபடி உங்ககிட்டத்தான் வரணும். இந்தா, தெருவே கேட்டுக்கிட்டு நிக்கிது. சத்தமாச் சொல்லுங்க. ஏல நோட்டீஸ் வாசிப்பீகள்ல, அந்த மாதிரி."

கூடையிலிருந்து எழுந்து நின்று சொன்னேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. மொக்கராசு, "பின்னாடி கேக்கல" என்றான். திரும்பச் சொன்னேன்.

பேசி முடித்தது இது. குத்தகைப் பணம் முழுவதும் என் தலையில். பழம் சரி பாதி அவர்களுக்கு, பாதி எனக்கு. உலுக்குக் கூலியும் ஓடு தட்டுகிற கூலியும் நானே கொடுக்க வேண்டும். மூன்று குடும்பத்தைச் சூளையிலிருந்து மீட்க, அவர்கள் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். தோடு மீட்கிற செலவை அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் பாதியை எந்த மண்டிக்கும் போடலாம். எல்லாப் பழத்துக்கும் எடை காசிலிங்கம் மண்டித் தராசில். நான் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தராசைத் தொடக் கூடாது.